சவ்வு கூடவில்லையா? லிப்பிடும் புரதமும் தாமாகச் சேரும் சிமுலேஷனில் வரும் கோளாறுகள், அறிகுறி வாரியாக

தர்மபுரிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ஃபுளோரைடு என்றால் என்னவென்று புத்தகத்தைத் திறந்து காட்ட வேண்டியதில்லை. போர்வெல் தண்ணீரைக் குடித்து வளர்ந்த தலைமுறையின் பற்களில் பழுப்புக் கோடாக அது இருக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உச்ச வரம்பு. இங்கே பல கிணறுகள் அதைத் தாண்டியவை. 2013இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இதை மனதில் வைத்து வந்ததுதான். அதனால் சவ்வுப் புரத சிமுலேஷன், அதாவது செல்லின் சவ்வில் பதிந்திருக்கும் புரதங்களின் அசைவைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது, கற்க வந்த மாணவர்களுக்கு முதல் புரதமாக எதைக் கொடுக்கலாம் என்று யோசித்தபோது, ஃபுளுக் தவிர வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

ஃபுளுக் என்பது பாக்டீரியாவின் சவ்வில் இருக்கும் சிறிய அயனிக் கால்வாய். செல்லுக்குள் சேர்ந்துவிட்ட ஃபுளோரைடை வெளியே விடுவது அதன் வேலை. மனித உடலில் இது இல்லை, அதை முதல் நாளே சொல்லிவிடுவேன். ஒரு துணையலகில் நான்கு ஆல்பா சுருள்கள். அப்படி இரண்டு துணையலகுகள், ஒன்று நிமிர்ந்தும் மற்றது தலைகீழாகவும் சேர்ந்து ஒரு ஜோடி. அந்த ஜோடிக்குள் இரண்டு துளைகள். 2015இல் நேச்சர் இதழில் இதன் படிக அமைப்பு வெளியானது.

செய்முறை எளிது. புரதத்தைப் பெட்டியின் நடுவில் வைத்து, சுற்றிலும் லிப்பிட்களை, அதாவது தலையும் வால்களும் கொண்ட, சவ்வைக் கட்டும் கொழுப்பு மூலக்கூறுகளை, கண்டபடி தூவி, தண்ணீர் நிரப்பி ஓடவிடுகிறோம். சவ்வை நாம் கட்டுவதில்லை, அது தானாகக் கூடுகிறது. 2006இல் ஆக்ஸ்ஃபோர்டின் பீட்டர் பாண்டும் மார்க் சான்சமும் புரதத்தோடு சேர்த்து இதைச் செய்து காட்டினார்கள். நாங்கள் பயன்படுத்துவது நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் பிறந்த மார்ட்டினி விசைப்புலம், அதாவது எது எதை எவ்வளவு இழுக்கும், தள்ளும் என்ற விதிகளின் தொகுப்பு. சராசரியாக நான்கு கன அணுக்களை (ஹைட்ரஜன் தவிர்த்த அணுக்களை) ஒரே மணியாகக் கோத்துவிடும் மாதிரி அது. ஓட்டுவது குரோமாக்ஸ் என்ற சிமுலேஷன் மென்பொருளில். எங்கள் பெட்டி, சமநிலைக்கு வந்த பின், ஒரு பக்கம் சுமார் 9.7 நானோமீட்டர். உள்ளே ஒரு ஃபுளுக் ஜோடி, பி.ஓ.பி.சி. என்ற வகை லிப்பிட் 256, சுமார் 4,600 தண்ணீர் மணிகள், உப்பு. வெப்பநிலை 310 கெல்வின். கீழே வரும் எண்களை எல்லாம் இந்தப் பெட்டியை வைத்தே படியுங்கள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன். கோளாறு வந்ததும் அளவுருக் கோப்பைத் திறந்து எண்களை மாற்றத் தொடங்காதீர்கள். முதலில் படத்தைத் திறந்து, திருப்பித் திருப்பிப் பாருங்கள். தவறிப்போனது என்று மாணவர்கள் கொண்டுவரும் ஓட்டங்களில் பல நன்றாகவே ஓடியவை. சரியாக வந்தது என்று சந்தோஷமாகக் கொண்டுவருபவற்றில்தான் சில கெட்டுப்போனவை.

“மேடம், ஓடவே மாட்டேங்குது”

ஆயத்தக் கட்டத்திலேயே நின்றால் பெரும்பாலும் எண்ணிக்கைப் பிழைதான். ஆயக் கோப்பில் (எந்த மணி எங்கே என்ற பட்டியல்) இருக்கும் மணிகளும் டோபாலஜி கோப்பு (எந்த மூலக்கூறு எத்தனை, எப்படிப் பிணைந்தது என்ற பட்டியல்) சொல்லும் மணிகளும் ஒத்துவரவில்லை என்று குரோமாக்ஸ் இரண்டு எண்களைக் காட்டும். கழித்துப் பாருங்கள். ஒரு பி.ஓ.பி.சி. 12 மணிகள். வித்தியாசம் 12இன் மடங்காக இருந்தால் லிப்பிட்டைச் சந்தேகியுங்கள், இல்லையென்றால் தண்ணீரையோ அயனியையோ. லிப்பிட் குறைவதற்கு வழக்கமான காரணம், 256 தூவச் சொன்ன இடத்தில் இடம் கிடைக்காமல் 249 மட்டும் தூவப்பட்டிருப்பது. திரையில் அது ஒரே ஒரு வரியாக வந்து போய்விடும். டோபாலஜியில் நீங்கள் 256 என்றே எழுதியிருப்பீர்கள்.

அணு வகை காணவில்லை என்று வந்தால் மார்ட்டினி 2 கோப்பும் மார்ட்டினி 3 கோப்பும் கலந்துவிட்டன. எங்கள் கணினியில் முந்தைய மாணவர்கள் விட்டுப்போன பழைய கோப்புகள் நிறைய, அதனால் அடிக்கடி நடக்கும். காணாமல்போன பெயரை நீங்களே ஒரு வரி சேர்த்துச் சரிக்கட்டாதீர்கள். இரண்டு பதிப்புகளிலும் மணிகளுக்கு இடையிலான ஈர்ப்பு வேறு வேறு. ஓடும், ஆனால் வரும் விடைக்குப் பொருள் இருக்காது. மொத்த மின்சுமை பூஜ்யமாக இல்லை என்றால், முழு எண்ணாக இருக்கும்வரை அயனி சேர்த்துச் சமன்செய்தால் போதும். பின்னமாக வந்தால் கோப்பே பழுது.

“ஓடின உடனே வெடிச்சிடுது”

மணிகளை லேசாக நகர்த்தி நெரிசலை நீக்கும் ஆற்றல் குறைப்புக் கட்டம் முடிந்ததும் மிகப்பெரிய விசை எந்த மணியில் என்று குரோமாக்ஸ் சொல்லும். அந்த மணியின் எண்ணைத் தேடிப் போங்கள். அது தண்ணீர் மணியாக இருந்தால், தண்ணீர் நிரப்பும்போது மணிகளின் ஆரத்தை மாற்ற மறந்திருப்பீர்கள். நிரப்பும் கட்டளை தானாக எடுத்துக்கொள்ளும் ஆரம் 0.105 நானோமீட்டர், அது சாதாரண அணுக்களுக்கானது. மார்ட்டினி மணிக்கு 0.21 கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மணிகள் அளவுக்கு மீறி நெருக்கி அடைக்கப்படும், முதல் சில படிகளிலேயே அழுத்தம் எகிறிவிடும்.

விசை அதிகமான மணி லிப்பிட்டின் வாலில் இருந்து, பக்கத்தில் புரதம் இருந்தால், வால் புரதத்துக்குள் குத்திக்கொண்டிருக்கிறது. அந்த ஒரு லிப்பிட்டை நீக்கிவிடுங்கள். மாணவர்கள் இதற்குத் தயங்குகிறார்கள். 256ல் ஒன்று போவதால் ஒன்றும் கெடாது, டோபாலஜியில் 255 என்று மாற்ற மட்டும் மறக்காதீர்கள்.

குறைப்பு நன்றாக முடிந்தும் ஓட்டம் வெடித்தால் காலப்படியை, அதாவது ஒரு கணக்கீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரத்தை, பாருங்கள். நேராக 20 ஃபெம்டோ விநாடியில் தொடங்காமல், 10இல் சிறிது நேரம் ஓட்டிவிட்டு ஏறுங்கள். அழுத்தக் கட்டுப்பாட்டுக்குத் தொடக்கத்தில் பாரினெல்லோ-ரஹ்மான் முறை வேண்டாம். சமநிலையிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் பெட்டியை அது ஊஞ்சல் போல ஆட்டிவிடும். பெரெண்ட்சன் அல்லது சி-ரீஸ்கேல் முறையில் அமைதிப்படுத்திவிட்டு அப்புறம் மாற்றுங்கள்.

“சவ்வு துண்டு துண்டா கிடக்குது”

இது கோளாறே இல்லை. பெட்டியின் நகல்கள் எல்லாப் பக்கமும் ஒட்டி அடுக்கியிருப்பதாகவே கணக்கு, பக்கத்து நகலில் தெரிவதைத்தான் மறுபிம்பம் என்கிறோம். அதனால் பெட்டியின் வலப்பக்கச் சுவரைத் தாண்டும் மணி இடப்பக்கச் சுவர் வழியாக உள்ளே வரும். சேலை பார்டரில் மயில் டிசைன் திரும்பத் திரும்ப வரும் அல்லவா? துணியை எந்த இடத்தில் வெட்டினாலும் ஓரத்தில் ஒரு மயில் பாதியாகத்தான் தெரியும், டிசைனில் குறை இல்லை. அதுபோல சவ்வு பெட்டியின் மேல் சுவரிலும் கீழ்ச் சுவரிலும் பாதி பாதியாக ஒட்டியிருந்தால், மூலக்கூறுகளை முழுமையாக்கி, புரதத்தை நடுவில் வைத்து, மணிகளின் நகர்வு பதிவான பாதைக் கோப்பை மறுபடி எழுதுங்கள். சவ்வு வந்து நடுவில் உட்கார்ந்துவிடும்.

படம் காட்டும் நிரலான வி.எம்.டி.யில் வெறும் புள்ளிகளாகத் தெரிகிறது, பிணைப்புக் கோடுகள் இல்லை என்றாலும் பயப்பட வேண்டாம். வி.எம்.டி. தூரத்தை வைத்துப் பிணைப்பை ஊகிக்கும். மார்ட்டினியில் மணிக்கும் மணிக்கும் தூரம் 0.47 நானோமீட்டர் வரை போவதால் பிணைப்பு இல்லை என்று முடிவு செய்துவிடுகிறது. லிப்பிட் தலையில் இருக்கும் பாஸ்பேட் மணிகளை மட்டும் பெரிய உருண்டையாகவும் வால்களை மெல்லிய கோடாகவும் போட்டுப் பாருங்கள், சவ்வு இருக்கிறதா இல்லையா என்று ஒரே பார்வையில் தெரியும்.

“தண்ணி கல்லாயிடுச்சு”

மார்ட்டினி 2 கோப்புகளில் வருவது. நான்கு தண்ணீர் மூலக்கூறுகள் ஒரு மணி என்பதால் அந்தத் தண்ணீர் சுமார் 290 கெல்வினிலேயே உறையத் தொடங்கும், அதாவது நம்மூர் மார்கழிக் காலை வெப்பநிலையில். படத்தில் தண்ணீர் மணிகள் வரிசை வரிசையாக அடுக்கி நிற்கும், லிப்பிட்கள் நடுவில் மாட்டிக்கொள்ளும். தண்ணீரில் பத்தில் ஒரு பங்கை உறைதடுப்பு மணியாக மாற்றுவது வழக்கமான மருந்து. பெயரை ஆயக் கோப்பிலும் டோபாலஜியிலும் அதே வரிசையில் மாற்ற வேண்டும், இல்லையென்றால் முதல் அறிகுறிக்கே திரும்பிப் போவீர்கள். 310 கெல்வினில் ஓட்டினால் பெரும்பாலும் இந்தத் தொல்லையே வராது.

தண்ணீர் நன்றாக அசைய, லிப்பிட் வால்கள் மட்டும் தீக்குச்சி அடுக்கியது போல விறைத்து நின்றால் அது வேறு நோய். வெப்பநிலைக்குப் பொருந்தாத லிப்பிட்டை எடுத்திருக்கிறீர்கள். டி.பி.பி.சி. என்ற லிப்பிட் நிஜத்திலேயே 41 டிகிரி செல்சியஸுக்குக் கீழே விறைப்பு நிலைக்குப் போகும். அதை 323 கெல்வினில் ஓட்டுங்கள், அல்லது பி.ஓ.பி.சி.க்கு மாறுங்கள்.

“சவ்வு வரல மேடம், உருண்டையாவே நிக்குது”

அதிகம் கேட்ட புகார் இதுதான். பதில் சொல்லும் முன் எத்தனை நானோ விநாடி ஓட்டினீர்கள் என்று கேட்பேன். லிப்பிட்கள் ஒன்றோடொன்று சேர்வது சில நானோ விநாடிகளில் முடிந்துவிடும். அப்போது பார்த்தால் ராகிக் களியைக் கிண்டத் தொடங்கும்போது இருக்கும் கட்டிகள் போலத்தான் இருக்கும். கட்டிகள் ஒன்றாகி, தட்டையாகி, இரட்டை அடுக்கு போன்ற ஒன்று வரும். அதில் ஒரு ஓட்டையோ, அல்லது அடுக்கையும் அதன் மறுபிம்பத்தையும் இணைக்கும் ஒரு தண்டோ மிஞ்சி நிற்கும். அந்தக் கடைசிக் குறை சரியாவதுதான் மெதுவான கட்டம். 2001இல் ஒவ்வொரு அணுவையும் வைத்து லிப்பிட்கள் கூடுவதைப் பார்த்தபோதும் இதே வரிசைதான் தெரிந்தது. 30 நானோ விநாடியில் நிறுத்திவிட்டு சவ்வு வரவில்லை என்று சொல்லாதீர்கள். புரதம் உள்ள பெட்டிக்கு 200 வரையாவது பொறுங்கள்.

பொறுத்தும் உருண்டையாகவே இருந்தால் கூட்டிக் கழித்துப் பாருங்கள். இந்தக் கணக்கை நான் மாணவர்களைக் காகிதத்தில் போடச் சொல்வேன். சவ்வின் ஒரு பக்கத்தில் ஒரு பி.ஓ.பி.சி. பிடிக்கும் இடம் சுமார் 0.64 சதுர நானோமீட்டர். 256இல் பாதி 128. பெருக்கினால் 82. ஃபுளுக் ஜோடிக்கு ஒரு 11 கூட்டுங்கள். மொத்தம் 93. பெட்டியின் ஒரு முகம் 9.7ஐ 9.7ஆல் பெருக்கினால் 94. இரண்டும் ஏறக்குறைய சமம் என்பதால்தான் சவ்வு ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை விரிந்து, தன் மறுபிம்பத்தோடு கைகோத்து, விளிம்பே இல்லாமல் நிற்க முடிகிறது.

ஒரு மாணவர் புரதத்துக்கு இடம் தாராளமாக இருக்கட்டும் என்று அதே 256 லிப்பிட்டை 14 நானோமீட்டர் பெட்டியில் போட்டு வந்தார். முகத்தின் பரப்பு 196. லிப்பிட்களால் எட்டவே முடியாது. அவை புரதத்தைச் சுற்றி ஒரு தட்டு போலக் கூடி, விளிம்பை வளைத்து மூடிக்கொண்டு நின்றன. அவருடைய சிமுலேஷன் தவறில்லை, அந்த அளவு லிப்பிட் அந்த அளவு தண்ணீரில் அப்படித்தான் நிற்கும். மாற்ற வேண்டியது பெட்டியைத்தான். மாறாக லிப்பிட் மிக அதிகமானால் சவ்வு அலைபோல் மடியும், அல்லது மிச்சமுள்ளவை தனியே ஒரு உருளையாகத் தண்ணீரில் மிதக்கும்.

எண்கள் சரியாக இருந்தும் தலைமணிகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு, அயனிகள் அவற்றின் மேல் ஒட்டி அசையாமல் இருந்தால், மின்விசை எத்தனை மடங்கு தணிகிறது என்று சொல்லும் மின்காப்பு மாறிலியைப் பாருங்கள். சாதாரண மார்ட்டினி தண்ணீருக்கு அது 15. எழுத மறந்தால் குரோமாக்ஸ் 1 என்று எடுத்துக்கொள்ளும். மின்விசை பதினைந்து மடங்காகிவிடும்.

“பெட்டி ஊதுபத்தி மாதிரி நீண்டுக்கிட்டே போகுது”

சவ்வு கூடும் முன்பே, அது கிடைமட்டமாகத்தான் வரும் என்று நினைத்து, பக்கவாட்டு அழுத்தத்தையும் செங்குத்து அழுத்தத்தையும் பிரித்துக் கட்டுப்படுத்தியிருப்பீர்கள். சவ்வு மூன்று திசைகளில் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கும். செங்குத்தாக நிற்கும் சவ்வுக்குக் கிடைமட்டச் சட்டத்தை மாட்டினால் பெட்டி ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் நீளும். கடைசியில் குறுகிய பக்கம் வெட்டுத் தூரமான (அதற்கு அப்பால் விசையைக் கணக்கிடுவதில்லை) 1.1 நானோமீட்டரின் இரட்டிப்பை நெருங்கும்போது குரோமாக்ஸ் நிறுத்திவிடும்.

கூடும்வரை மூன்று திசைகளையும் சேர்த்தே கட்டுப்படுத்துங்கள். கூடிய பின் சவ்வு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று பார்த்து, தேவையென்றால் பெட்டியை 90 பாகை திருப்பி, அதன் பிறகு பிரித்துவிடுங்கள். பிரித்த பிறகு ஒரு லிப்பிட்டின் பரப்பு 0.64க்குப் பக்கத்தில் வந்து நிலைக்க வேண்டும்.

பெரிய சவ்வுகளில் எல்லாம் சரியாக இருந்தும் சவ்வு காரணமில்லாமல் நெளிந்தால், எந்த மணிக்குப் பக்கத்தில் எவை என்று குறித்துவைக்கும் அண்டைப் பட்டியலைச் சந்தேகியுங்கள். பட்டியல் தூரத்தை குரோமாக்ஸே கணித்துக்கொள்ளும்போது மார்ட்டினியில் சில மணிகள் விடுபட்டு, அழுத்தம் திசைக்குத் திசை பிசகுகிறது என்பதை 2023இல் வெளியான ஒரு ஆய்வு விளக்கமாகக் காட்டியது. தானியங்கிக் கணிப்பை அணைத்துவிட்டு, பட்டியல் தூரத்தை 1.35 நானோமீட்டர் என்று நானே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் மெதுவாகும், பரவாயில்லை.

“ஓட்டை அடையவே இல்லை” அல்லது “அடைஞ்சிடுச்சு, ஆனா ஒரு பக்கம் லிப்பிட் அதிகம்”

இரண்டும் ஒரே கதையின் இரு முனைகள் என்பதால் சேர்த்துச் சொல்கிறேன். ஓட்டை திறந்திருக்கும்வரை லிப்பிட்கள் அதன் விளிம்பு வழியாக மேலடுக்கிலிருந்து கீழடுக்குக்கு நடந்து போகும். எண்ணிக்கை சமனாவது அந்த நேரத்தில்தான். ஓட்டை மூடிய பிறகு ஒரு லிப்பிட் தலையை உள்ளே இழுத்துப் புரண்டு மறுபக்கம் போவது நம் ஓட்டத்தின் காலத்துக்குள் நடக்காது. சீக்கிரம் மூடிவிட்டால் சமனின்மை அப்படியே பூட்டப்பட்டுவிடும்.

பாஸ்பேட் மணிகளை மேலே எத்தனை, கீழே எத்தனை என்று எண்ணுங்கள். ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் மெலிந்த புரதத்துக்கு வித்தியாசம் இருப்பது இயல்பு. ஃபுளுக் ஜோடியோ மேலும் கீழும் ஒரே முகம் கொண்டது, அதனால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். 130, 126 என்று வந்தால் வைத்துக்கொள்ளலாம். 142, 114 என்றால் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்குங்கள். இங்கேதான் நான் முதலில் சொன்ன, நன்றாக வந்ததுபோல் தெரியும் கெட்டுப்போன ஓட்டங்கள் மாட்டும். பக்கவாட்டில் பார்த்தால் அழகான சவ்வு, எண்ணினால்தான் குட்டு வெளிப்படும்.

மறுபடி தொடங்கும்போது மணிகளின் தொடக்க வேகங்களைத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்க உதவும் விதை எண்ணை மட்டும் மாற்றினால் போதாது. லிப்பிட்களையே வேறு விதமாகத் தூவுங்கள். நாங்கள் எதற்கும் ஐந்து தனித் தூவல்கள் வைத்துக்கொள்கிறோம். ஓட்டை அடையாமல் நிற்கும் ஓட்டத்துக்கு மருந்து வேறு. மூன்று திசையும் சேர்ந்த கட்டுப்பாட்டில் சவ்வு இழுபட்டு நிற்கலாம். திசை பிரித்த கட்டுப்பாட்டுக்கு மாற்றினால் பெட்டி பக்கவாட்டில் சற்றுச் சுருங்கும், ஓட்டை தானே மூடும்.

“புரதம் படுத்துக்கிடக்குது”

பென்னாகரத்திலிருந்து வரும் ஒரு மாணவியின் ஓட்டம் இது. சவ்வு வந்திருந்தது, ஆனால் புரதத்தைச் சுற்றி லிப்பிட்கள் ஒரு தூணாக எழும்பி, மேலே மறுபிம்பத்தின் கீழ்ப்பகுதியைத் தொட்டுக்கொண்டிருந்தன. வெப்பநிலையை மாற்றியும், உப்பை மாற்றியும் ஒரு வாரம் போயிருந்தது. நாங்கள் இருவரும் உட்கார்ந்து புரதத்தை மட்டும் திரையில் வைத்துத் திருப்பினோம். நடுவில் சுருள்கள். இரண்டு முனையிலும் ஆளுக்கொரு உருண்டை, சுருளே இல்லாமல், தகடு மடித்ததுபோல.

“இது என்னதுமா?” என்றேன்.

“அதுவும் ஃபுளுக்தானுங்க மேடம்? கோப்புல சேந்துதான் வந்துச்சு.”

அது மோனோபாடி. ஃபுளுக்கைப் படிகமாக்க எளிதாக இருக்கும் என்று ஆய்வாளர்கள் இரு முனையிலும் ஒட்டிவிட்ட சிறு புரதம். அதோடு சேர்த்தால் மொத்த நீளம் பெட்டியை விட அதிகம். மேல் முனை தன் மறுபிம்பத்தின் கீழ் முனையை இடித்துக்கொண்டு, சவ்வுக்கு உட்கார இடமே கொடுக்கவில்லை. சங்கிலிப் பெயர்களைப் பார்த்து மோனோபாடிகளை நீக்கினோம். மறுநாள் காலையில் புரதம் சவ்வுக்குள் இருந்தது.

சவ்வுப் புரதங்களின் படிகக் கோப்பில் இப்படி விருந்தாளிகள் இருப்பது சகஜம். எதிர்ப்புரதத் துண்டு, சோப்பு மூலக்கூறு, சில சமயம் சுருள்களுக்கு நடுவே செருகப்பட்ட வேறொரு புரதம். கட்டுரையின் செய்முறைப் பகுதியைப் படிக்காமல் கோப்பைத் தொடாதீர்கள். ஃபுளுக்கின் நடுவில், இரண்டு துணையலகுகளும் சந்திக்கும் இடத்தில் ஒரு சோடியம் அயனியும் இருக்கும். மார்ட்டினிக்கு மாற்றும்போது அது போய்விடும், போனது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

விருந்தாளி இல்லாமலும் புரதம் சாய்ந்தால், சுருள்களின் அடையாளம் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். மார்ட்டினியில் புரதம் மடிவதும் இல்லை, அவிழ்வதும் இல்லை. எது சுருள், எது தகடு என்று நாம் தொடக்கத்தில் சொல்வதே கடைசிவரை நிற்கும். சுருளையும் தகட்டையும் அடையாளம் காணும் டி.எஸ்.எஸ்.பி. நிரல் ஓடாமல்போய் எல்லாமே தளர்ந்த இழை என்று பதிவாகியிருந்தால், புரதம் நூடுல்ஸ் மாதிரி துவண்டு சவ்வின் மேல் படுத்துவிடும். ஃபுளுக் போன்ற ஜோடிக்கு எந்தப் பக்கம் மேலே என்ற கவலை கிடையாது. வேறு புரதமாக இருந்து, தலைகீழாக நுழைந்திருந்தால், ஒரே வகை லிப்பிட் உள்ள சவ்வில் அது பிழையில்லை. பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் சரி.

“ஜோடி பிரிஞ்சு போச்சு”

இதற்கு அதிக நேரம் செலவிடுங்கள், ஏனென்றால் அறிவியல் கேள்வியே இங்கேதான் இருக்கிறது.

புரதத்தின் வடிவம் குலையாமல் இருக்க மணிகளுக்கு இடையே மெல்லிய வில்கள் மாட்டுகிறோம். பொதுவாக 0.9 நானோமீட்டருக்குள் இருக்கும் முதுகெலும்பு மணிகளுக்கு இடையே, 500 கிலோ ஜூல் வலிமையில். மாற்றும் நிரல் சங்கிலிகளைத் தனித்தனியாக எடுத்துக்கொண்டால் வில்கள் ஒரு சங்கிலிக்குள் மட்டுமே இருக்கும். சங்கிலிகளை ஒரே மூலக்கூறாக இணைக்கச் சொன்னால் இரண்டுக்கும் நடுவிலும் வில் வரும்.

நடுவில் வில் இல்லாமல் தூவினால், சவ்வு கூடும் முன் இருக்கும் குழப்பத்தில் ஒரு லிப்பிட் வால் இரண்டு துணையலகுகளுக்கும் இடையே நுழைந்துவிடலாம். ஜோடி விரிசல் விடும். அந்த விரிசலைப் பார்த்து ஃபுளுக் ஜோடி பலவீனமானது என்று எழுதினால் அது பொய். நிஜ பாக்டீரியாவில் புரதம் ஒருபோதும் தூவப்பட்ட லிப்பிட் சூப்பில் மிதக்கவில்லை. நடுவில் வில் மாட்டி ஓட்டிவிட்டு ஜோடி உறுதியானது என்று எழுதினாலும் பொய்தான். உறுதியைக் கொடுத்தது உங்கள் வில். இரண்டையும் விட்டு வில் இல்லாமல் ஓட்டி, பிரியவில்லை என்று வந்தால்? அதுவும் தனியாகச் சாட்சி ஆகாது. மார்ட்டினி 2இல் சவ்வுப் புரதங்கள் அளவுக்கு மீறி ஒட்டிக்கொள்கின்றன என்று 2017இலேயே காட்டியிருக்கிறார்கள்.

நான் சொல்லித்தருவது இது. கூடும் கட்டத்தில் நடுவிலும் வில் போட்டு, புரதத்தை இடத்தில் லேசாகப் பிடித்து வையுங்கள். சவ்வு மூடி, எண்ணிக்கை சரி என்று தெரிந்த பின், அதே ஆயத்தை எடுத்துக்கொண்டு நடு வில்களை நீக்கிய டோபாலஜியோடு புது ஓட்டம் தொடங்குங்கள். ஜோடியைப் பற்றிய எந்த வாக்கியமும் அந்த இரண்டாவது ஓட்டத்திலிருந்து வரட்டும், ஐந்து தூவல்களிலிருந்தும் வரட்டும். லிப்பிட்கள் ஜோடியின் விளிம்பில் எங்கே தங்குகின்றன என்பதற்கு இந்த முறை நல்ல விடை தரும். எவ்வளவு பலமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு வேறு கணக்கு வேண்டும்.

பல ஜோடிகளைப் போட்ட பெட்டியில் எல்லாம் ஒரே கொத்தாகச் சேர்ந்தாலும் இதே எச்சரிக்கைதான். 2021இல் வந்த மார்ட்டினி 3 ஒட்டலைக் கணிசமாகக் குறைத்தது, முழுக்க நீக்கவில்லை. சேர்ந்த கொத்து மறுபடி பிரிவதை ஒரு முறையாவது பார்க்காதவரை அதைச் சமநிலை என்று சொல்லாதீர்கள். நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மணிகளின் உலகம் வழுவழுப்பானது, அசைவு வேகம். மார்ட்டினி 2இல் காலத்தை நான்கால் பெருக்கிச் சொல்லும் வழக்கம் இருந்தது. அது தோராயம்தான், இத்தனை மைக்ரோ விநாடியில் நடந்தது என்று அழுத்தி எழுதாதீர்கள்.

“கரண்ட் போச்சு, எல்லாம் போச்சு”

போகவில்லை. குரோமாக்ஸ் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நிலையைச் சேமிக்கிறது. அந்தச் சேமிப்புக் கோப்பைக் காட்டித் தொடரச் சொன்னால் விட்ட இடத்திலிருந்து ஓடும். காட்ட மறந்து அதே கட்டளையைக் கொடுத்தால் முதலிலிருந்து தொடங்கிவிடும். ஆனால் அப்போதும் பழைய கோப்புகளை அழிக்காது, பெயரின் இரு பக்கமும் # குறி போட்டு ஒதுக்கி வைத்திருக்கும். அதைப் பார்த்ததும் குப்பை என்று நீக்கிவிடாதீர்கள். சேமிக்கும் நொடியிலேயே மின்சாரம் போய்க் கோப்பு பழுதானால், அதற்கு முந்தைய சேமிப்பும் பக்கத்திலேயே இருக்கும்.

சித்திரை வெயிலில் இன்னொன்று. காலையில் வேகமாக ஓடிய அதே ஓட்டம் பிற்பகலில் தவழும். பதிவுக் கோப்பில் ஒரு நாளைக்கு எத்தனை நானோ விநாடி என்ற எண்ணைப் பாருங்கள். இரவில் ஏறி மதியம் இறங்கினால் கிராஃபிக்ஸ் அட்டை சூட்டில் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. கேபினட்டின் பக்க மூடியைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தோம். பெரிய ஓட்டங்களைச் சாயங்காலம் தொடங்குகிறோம்.

“ஃபுளோரைடு உள்ளே போகவே இல்லை”

இதைக் கேட்காத மாணவர் இல்லை. சொந்த ஊரின் தண்ணீரிலிருந்து தொடங்கியவர்கள் அந்த அயனி ஓடுவதைப் பார்க்க ஆசைப்படுவது நியாயம். ஆனால் மார்ட்டினியில் அது போகாது. நிஜ ஃபுளுக் நொடிக்குச் சுமார் பத்து லட்சம் ஃபுளோரைடு அயனிகளை விடும், குளோரைடை ஏறக்குறைய விடவே விடாது. அந்தத் தேர்வு நடப்பது அயனி தன் மேல் ஒட்டிய தண்ணீரைக் கழற்றிவிட்டு, பினைல்அலனின் வளையங்களின் ஓரத்தையும் ஹைட்ரஜன் பிணைப்புகளையும் தொட்டுக்கொண்டு குறுகிய துளையில் நகரும்போது. நான்கு அணுக்களை ஒரு மணியாக்கிய இடத்தில் அந்தத் துளையே கிட்டத்தட்ட அடைபட்டிருக்கும்.

அதற்கு, கூடி முடிந்த சவ்வை எடுத்து மணிகளை மறுபடி அணுக்களாக விரிக்க வேண்டும். அதற்கான நிரல்கள் இருக்கின்றன. புரதத்துக்கு விரித்ததை வைக்காமல் படிக அமைப்பையே அதே இடத்தில் பொருத்துங்கள், நீக்கிய சோடியத்தையும் நடுவில் திருப்பி வையுங்கள். விரிக்கும் முன் இரண்டு துளைகளின் வாயையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஏதாவது லிப்பிட் வால் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால், அந்த ஒரு லிப்பிட்டை நீக்கிவிட்டு எதிர்ப்பக்கத்திலும் ஒன்றை எடுத்துவிடுங்கள். அணுக்களாக விரித்த பிறகு அந்த வாலை வெளியே எடுக்க நாள்கணக்கில் ஓட்ட வேண்டியிருக்கும்.